பாராளுமன்றக் குழுக்களும் அவற்றின் ஏடுகளும்

பாராளுமன்றம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, உறுப்பினர்கள் எழுந்து நின்று முழங்கும் பெரிய மண்டபமே. ஆயினும், நாட்டின் வரவு செலவை வரி வரியாகப் படித்து, “இப்பணம் எங்கே போயிற்று?” என்று அதிகாரிகளைக் கேட்கும் வேலை அம்மண்டபத்தில் நடைபெறுவது அரிது. அது சிறிய அறைகளில், மூடிய கதவுகளுக்குப் பின்னே, குழுக்களால் நடத்தப்பெறுகிறது. அக்குழுக்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு விசாரிக்கின்றன, விசாரித்ததை எவ்வாறு எழுதி வைக்கின்றன என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்துக் காலங்கழிப்போர் நம் சங்கத்தில் பலர் உளர். ஏட்டில் ஏறாத சொல் காற்றோடு போம் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

குழு அமைத்துப் பொதுக் காரியம் பார்ப்பது தமிழர்க்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை அன்பர்கள் அறிவர். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பெற்றவர்கள் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரிக்கப்பட்டனர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பது அங்கு விதி. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்னும் நெறியைக் கல்லில் வெட்டி, எவரும் காணக் கோயிற் சுவரில் வைத்தார்கள். ஈண்டு நாம் கருதத் தக்கது அதுவே.

நிற்க. இக்காலக் குழு முறை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றம் சென்ற நூற்றாண்டுகளிலேயே தெரிவுக் குழுக்களை அமைத்துச் சாட்சிகளை அழைத்து, ஒவ்வொரு வினாவுக்கும் எண்ணிட்டு, விடையோடு சேர்த்து அச்சிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைப் பற்றி 1852, 1853 ஆகிய ஆண்டுகளில் அவ்விதம் குழுக்கள் விசாரித்து வந்தன. அப்போது சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவர் நண்பர்களும் 1852-இல் சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவி, அப்பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். நிலவரி வசூலிப்பதற்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்பது அவர்கள் முறையீடுகளுள் ஒன்று.

மனு உடனே பயன் தரவில்லை. ஆனால் டான்பி சீமூர் என்னும் உறுப்பினர் 1853-இல் சென்னைக்கு வந்து, லட்சுமிநரசு செட்டியாரோடு ஊர்களுக்குச் சென்று நிலைமையை நேரிற் கண்டார். 1854-இல் காமன்ஸ் சபையில் அதை எடுத்துப் பேசினார். அதன்பின் சென்னை அரசாங்கம் மூவர் கொண்ட ஒரு கமிஷனை நியமிக்க வேண்டியதாயிற்று. பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் அம்மூவருள் ஒருவர். குடியானவர்களின் வாக்குமூலங்களைப் பெற்ற அக்கமிஷன், சித்திரவதை நடைபெற்றது உண்மையே என்று 1855-இல் அறிக்கை தந்தது. அதுகாறும் இல்லை என்று சாதித்தவர்கள் வாயடைத்தனர். அறிக்கை அச்சில் வந்துவிட்டமையால் அதனை மீண்டும் மறுத்துரைக்க எவராலும் இயலவில்லை.

நம் ஊரின் நிலைமை யாது? மைசூர்ச் சமஸ்தானத்தில் செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த திவான் ரங்காசார்லு 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி பிரதிநிதி சபையைக் கூட்டினார். முதற் கூட்டத்துக்கு 144 பிரதிநிதிகள் வந்தனர். மக்களின் குறைகளைத் திவானின் முன் எடுத்துச் சொல்ல அது இடந்தந்தது. ஆனால் நம் ரிச்சர்ட்ஸ் டவுன் அடங்கிய தண்டுப் பகுதியோ, சிவில் மிலிடரி ஸ்டேஷன் என்னும் பெயரால் ஆங்கிலேய ரெஸிடெண்டின் ஆட்சியில் இருந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்தது முதல், தமிழ்க் குடும்பங்கள் இரயில் வழியே வந்து குடியேறியவண்ணம் இருந்தன. ஊர் ஒன்றே; ஆட்சியோ இரண்டு. 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரே அப்பிரிவு நீங்கிற்று.

இரயில்வேயைக் கூறினோம், அதன் வரலாறும் ஒரு விசாரணைக் குழுவோடு பிணைந்தது. ஸர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் 1920-இல் அரசாங்கம் அமைத்த குழுவில், வலங்கைமான் தந்த நாவலர் சீனிவாச சாஸ்திரியார் ஓர் உறுப்பினர். இரயில்வே நிதியைப் பொது நிதியினின்று பிரிக்க வேண்டுமென்று அக்குழு 1921-இல் கூறிற்று. 1924-இல் அவ்வாறே பிரிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1949-இல் கூடிய இரயில்வே உடன்படிக்கைக் குழு, இரயில்வே தன் முதலுக்கு ஆண்டுதோறும் 4 சதவீதம் பொது நிதிக்குத் தரவேண்டுமென்று வரையறுத்தது. தனி இரயில்வே பட்ஜெட் 2017-ஆம் ஆண்டில் பொது பட்ஜெட்டோடு இணைந்து மறைந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு முறை, ஒரு குழுவின் தாள்களிலிருந்து பிறந்தது என்பதை நினைந்து பார்க்க.

இனி, குழுக்களுள் மூத்ததாகிய பொதுக் கணக்குக் குழுவைக் காண்போம். இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராய் இருந்தபோது, 1861-இல் இது தோன்றிற்று. நம் நாட்டில் 1921-இல் வந்தது. அன்று அதன் தலைவர் யார் எனில், அரசாங்கத்தின் நிதி உறுப்பினரே! கணக்குக் கொடுக்க வேண்டியவரே கணக்குக் கேட்பவரின் நாற்காலியில் அமர்ந்திருந்தார். 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அந்நிலை மாறிற்று. தலைவரைச் சபாநாயகர் நியமிக்கலானார். அமைச்சர் எவரும் உறுப்பினராகக் கூடாது என்று விதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய மதிப்பீட்டுக் குழுவுக்கு அனந்தசயனம் அய்யங்கார் முதல் தலைவரானார். 1967-இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த மினு மசானி பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக்கப்பட்டார். எதிர்க்கட்சியினரைத் தலைவராக்கும் மரபு அன்று தொடங்கியதே. இன்று அக்குழுவில் லோக சபையினர் 15 பேரும் ராஜ்ய சபையினர் 7 பேரும் உள்ளனர். 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் 17 ஏற்பட்டு, 2004-இல் 24 ஆகப் பெருகின. இரயில்வேக்கும் அவற்றுள் ஒன்று உண்டு.

இக்குழுக்கள் நடைபெறும் விதம் இது. தணிக்கைத் தலைவரின் அறிக்கையை வைத்துக்கொண்டு, பொதுக் கணக்குக் குழு முதலில் வினாப் பட்டியலை அமைச்சகத்துக்கு அனுப்புகிறது. எழுத்து மூலம் விடை வந்தபின் அமைச்சகத்தின் செயலாளர் சாட்சியாக வந்து அமர்கிறார். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தாற்றான் கூட்டம் செல்லும். கேட்பதும் சொல்வதும் சொல்லுக்குச் சொல் குறிக்கப்பெறுகின்றன. அக்குறிப்பு பின்னர்ச் சாட்சிக்கு அனுப்பப்பட்டு, எழுத்துப் பிழை திருத்த வாய்ப்பளிக்கப்படும். சொன்ன பொருளை மாற்ற இடமில்லை. கையில் விவரம் இல்லையெனில், பின்னர் எழுதித் தருவதாகச் சாட்சி கூறலாம். அவ்வாறு கூறியதும் ஏட்டில் நிற்கும். ஆதலின் பின்னர் எழுதித் தந்தே தீரவேண்டும்.

அறிக்கை சபையின் மேசைமீது வைக்கப்பட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆறு திங்களுக்குள் அரசாங்கம் மறுமொழி தரவேண்டும். அம்மறுமொழிகளைக் குழு மீண்டும் ஆராய்ந்து வேறோர் அறிக்கை வெளியிடுகிறது. அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் எவை, விளக்கங் கேட்டுக் குழு விட்டுவிட்டவை எவை, விளக்கத்தைக் குழு ஏற்காதவை எவை, முடிவான மறுமொழி வராதவை எவை என்று தனித்தனியே பிரித்து அதில் எழுதப்படும். குழுவுக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆயினும், மறுமொழி வராத பரிந்துரை ‘வரவில்லை’ என்னும் தலைப்பின்கீழ் அச்சேறி நிற்கிறது. அதற்கு அஞ்சாத அலுவலகம் இல்லை.

இங்கு ஒரு வினா எழும். மக்கள் பணத்தைப் பற்றிய விசாரணையைக் கதவடைத்து நடத்துவது தகுமோ? இங்கிலாந்தில் இன்று குழுக்கள் பெரும்பாலும் பலரறியவே சாட்சியம் கேட்கின்றன. நம் லோக சபையின் விதியோ, குழுக் கூட்டங்கள் தனிமையில் நடைபெற வேண்டும் என்கிறது. மேசைமீது வைக்கும் வரை சாட்சியத்தை வெளியிடலாகாது. கூட்டம் பார்க்க ஆளில்லாதவிடத்துக் கட்சிப் பேச்சு குறைகிறது என்பதும், அதிகாரிகள் மனம் திறந்து பேசுகின்றனர் என்பதும் இதற்குக் கூறப்படும் நியாயங்கள். அவை மெய்யே. ஆனால் கதவு மூடியிருக்க வேண்டுமெனில், ஏடாவது திறந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அறிக்கை மட்டும் போதாது. வினாவும் விடையும் மக்கள் கைக்கு வரவேண்டும். இல்லையேல், நல்ல கேள்வி கேட்ட உறுப்பினரும் மழுப்பிய அதிகாரியும் மக்களுக்கு ஒன்றாகவே தோன்றுவர்.

நம்மைப் போன்ற எளியோர்க்கும் ஒரு வழி உண்டு. லோக சபையில் மனுக்கள் குழு என ஒன்று உள்ளது. வழக்கு மன்றத்தில் இல்லாத பொதுக் காரியத்தைக் குறித்து எவரும் அச்சபைக்கு மனு எழுதலாம். மனு அடக்கமான சொற்களில் இருத்தல் வேண்டும். பெயரும் முகவரியும் கையொப்பமும் வேண்டும். தமிழிலும் எழுதலாம், ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பு ஒன்றை, மனுதாரர் கையொப்பத்தோடு, உடன் வைக்க வேண்டும். கன்னட நாட்டில் வாழும் நாம் நம் தாய்மொழியிலேயே தில்லிக்கு முறையிடலாம் என்பது சிறு செய்தியன்று. மொழிபெயர்த்து உதவ வல்ல இளைஞர்கள் நம் சங்கத்தில் உளர். லட்சுமிநரசு செட்டியார் கடல் கடந்து அனுப்பிய மனுவை நினைந்தால், இஃது எத்துணை எளிது என்பது விளங்கும்.

இறுதியாக ஒன்று. பெரிய சபைக்குச் சொன்ன நெறி சிறிய சபைக்கும் பொருந்தும். நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, கை தட்டி நிறைவேற்றிவிட்டு விருந்துக்கு எழுந்துவிடாமல், உறுப்பினர் ஒருவரேனும் எழுந்து வினவுக. செயலாளர் அதற்கு விடை தருக. அவ்விரண்டும் நடவடிக்கைப் புத்தகத்தில் அவ்வண்ணமே எழுதப்பெறுக. அடுத்த ஆண்டு முதல் வேலையாக அப்பக்கம் வாசிக்கப்பெறுக.