இரண்டு சூரிய உதயங்களின் வான்வழி

கொழும்பில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அவுஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாய் தகப்பன்மார் காசைப் பற்றிக் கேட்கும் முன்பே, "எத்தனை மணித்தியாலம் தம்பி?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம் தீவிலேயே ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல ஆள் குறைவு என்பது என் மனக்குறை.

1935 முதல் அவுஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போக முடிந்தது. பல ஊர்களில் இறங்கி ஏறி, பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆனது. அந்த வழிக்குச் சிங்கப்பூர்தான் கழுத்து. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் வழி அறுந்தது. மிஞ்சியது இந்து சமுத்திரம்: பேர்த்திலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவி வரை ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காமல் கடக்க வேண்டும்.

1943 நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் அந்தத் தூரத்தைப் பறக்கத் தொடங்கியது. நீரில் இறங்கும் கட்டலீனா விமானங்கள் ஐந்து. ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயர். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். ஒரு பயணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. வானிலேயே இரண்டு முறை பொழுது விடிந்ததால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்றார்கள். பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள்.

நான் பார்த்த தொழிலில் எடைதான் எல்லாம். அதனால் அந்தக் கணக்கு என்னை இன்றும் உலுக்குகிறது. ஏற்றிய பெற்றோல் ஏறத்தாழ 9,000 லீற்றர். அதன் எடை மட்டும் ஆறு தொன்னுக்கு மேல். மிச்சமான இடத்தில் மூன்றே பயணிகள், 69 கிலோ தபால். குளிரைத் தடுக்கும் உறையைக்கூடக் கழற்றி எடை குறைத்தார்கள். கிளம்பிய முதல் சில மணித்தியாலத்தில் ஒரு இயந்திரம் நின்றால், மற்றது அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆயுதம் கிடையாது. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியை மௌனமாக வைத்தார்கள். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடந்தார்கள். வழிகாட்டி, நட்சத்திரங்களை அளந்து கணக்குப் போட்டே கொக்கலையைக் கண்டுபிடித்தார். 1945 ஜூலை வரை 271 கடப்புகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. பயணிகள் சேவையில் அத்தனை நேரம் நிற்காமல் பறந்த விமானம் அதன்பின் வரவில்லை. 2018-இல் தொடங்கிய பேர்த்-லண்டன் நேரடிச் சேவை 14,000 கிலோமீற்றருக்கு மேல். அதற்கே சுமார் 17 மணித்தியாலம் போதும்.

வாவிக் கரையில் நடந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரித்தானிய விமானப்படை அங்கே தளம் அமைத்தபோது கொக்கலைக் கிராமத்தார் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் தப்பி இன்று நினைவகமாக நிற்கிறது. மற்றக் குடும்பங்களுக்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. விமானிகளின் துணிவை எவ்வளவு மெச்சினாலும் தகும். ஆனால் இந்த வான்வழியின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இறங்குவதற்கு இடம் கொடுத்துவிட்டு ஊரை இழந்தவர்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அவர்கள் எழும்பிப் போன பிறகுதான் அந்தத் தூரம் கடக்கக்கூடியதாயிற்று.