கடம்பூர் மாளிகையில் அணைந்த விளக்கு

2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் வெளியாகி மூன்றாம் நாள். அம்மாவை அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாவலை எத்தனை தடவை படித்தாள் என்பதற்கு அம்மாவிடமே கணக்கில்லை. எங்கள் வீட்டில் இருப்பது தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய பிரதி, தாத்தா காலத்தது.

படத்தில் எல்லோரும் பேசிய காட்சி ஒன்றுதான். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் காட்சி. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் ஓர் அறையில் நிற்கிறார்கள். காதல், வீரபாண்டியனின் தலை, அத்தனை வருட வன்மம், எல்லாம் அந்த அறைக்குள் வந்து சேர்கின்றன. கரிகாலன் சாவைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “பிடிக்கலையாம்மா?”

“நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா அங்க விளக்கு அணையணும்டா.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கான பதில். எழுதி முடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது.

அம்மா சொன்னது நாவலைத்தான். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய கதையில் அந்த அறையில் கூட்டம் அதிகம். வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், மணிமேகலை இருக்கிறாள், சதிகாரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையரும் வருகிறார். இருள் சூழ்கிறது. வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணம். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. நான்தான் கொன்றேன் என்கிறாள் மணிமேகலை. பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இத்தனை பேர் பொறுப்பேற்ற பிறகும், வாசகனுக்கு உறுதியாக ஒன்றும் கிடைப்பதில்லை.

இதைக் கதாசிரியரின் தந்திரம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சஸ்பென்ஸ் வைத்தால்தானே அடுத்த வாரம் பத்திரிகை விற்கும்! பிறகு கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த இருட்டு கல்கி உண்டாக்கியது இல்லை, அவருக்குக் கிடைத்தது என்று புரிந்தது.

கரிகாலனின் சாவைப் பற்றி நம்மிடம் இருக்கும் முக்கியமான சான்றுகள் இரண்டு. ஒன்று, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. இதில் ரவிதாசனுக்கும் பரமேஸ்வரனுக்கும் பிரம்மாதிராஜன் என்று முடியும் பட்டங்கள் உண்டு. அதாவது அரசாங்கத்தில் பெரிய இடத்தில் இருந்தவர்கள். ஆனால் அந்தக் கல்வெட்டின் அக்கறை கொலையில் இல்லை, நிலத்தில். துரோகிகளின் சொத்து, உடன்பிறந்தவர்களின் சொத்து, சம்பந்தம் செய்துகொண்டவர்களின் சொத்து, இதையெல்லாம் என்ன செய்வது என்பதுதான் விஷயம். ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், ஒரு சொல் கிடையாது.

இன்னொன்று எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஆவடியில் அரக்கோணம் லோக்கலில் ஏறினால் திருவள்ளூர் தாண்டி திருவாலங்காடு. அங்கே 1905-இல் கிடைத்தவை ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள். அதன் சமஸ்கிருதப் பகுதி சோழர் வம்சத்தைப் பாடிக்கொண்டே வந்து கரிகாலனிடம் சட்டென்று மென்மையாகிவிடுகிறது. அவன் விண்ணுலகைப் பார்க்க விரும்பி மறைந்தான் என்கிறது, அவ்வளவுதான். பிறகு மக்கள் அருள்மொழியை அரசாளக் கேட்டதாகவும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை வேண்டாம் என்று அவன் ஒதுங்கியதாகவும் தொடர்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டார்கள். உத்தம சோழன் ஏறக்குறைய 15 வருடம் ஆண்டும் கொலைகாரர்கள் மேல் நடவடிக்கை தெரியவில்லையே என்று நீலகண்ட சாஸ்திரி அவர் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. லாக் அழிந்துபோன சர்வரை வைத்துக்கொண்டு ஏன் விழுந்தது என்று கேட்பது மாதிரி. விழுந்தது மட்டும் நிச்சயம்.

இந்த இருட்டுக்குள் சினிமா விளக்கேற்றலாமா? ஏற்றக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வாசகர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். டோல்கீனின் நாவலில் போரோமிரின் கடைசிச் சண்டையை நாம் பார்ப்பதே இல்லை. அரகார்ன் ஓடி வரும்போது சண்டை முடிந்துவிட்டது. சில வாக்கியங்கள், பிறகு மரணம். பீட்டர் ஜாக்சன் 2001 படத்தில் அந்தச் சண்டையை ஒவ்வொரு அம்பாகக் காட்டினார். கடைசிப் பேச்சையும் நீட்டினார். புத்தகத்தில் போரோமிரை எனக்குப் பிடிக்காது. படத்தில் அவனுக்காக அழுதேன். அங்கே மறைத்தது வேலை செய்தது, காட்டியதும் வேலை செய்தது. என்ன நடந்தது என்பதில் புத்தகத்துக்குச் சந்தேகமே இல்லை. ஜாக்சன் திரையைத்தான் விலக்கினார்.

கடம்பூர் அப்படி இல்லை. அங்கே தெரியாமைதான் கதை. அந்த ஒரு சாவு எத்தனை பேரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதுதான் நாவலின் கடைசிப் பகுதியை இழுத்துச் செல்கிறது. படம் அதைக் கரைத்து இரண்டு பேரின் காதல் கணக்காக்கிவிடுகிறது. காட்சியாக அது நன்றாகவே நிற்கிறது. விக்ரமின் முகத்தில் களைப்பும் நிம்மதியும் ஒன்றாக வந்துபோன இடத்தை நான் மறக்கவில்லை. ஆனால் கொலையாக இருந்தது அங்கே ஒருவனின் விருப்பமாகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. எனக்கு ஆறு வயதிருக்கும்போது, நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பட்டரவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்துபோனார். முந்தின நாள் வீட்டில் சண்டை. கடக்கும்போது கவனிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்கள். பேப்பரில் இரண்டு வரி வந்தது. பிறகு பி.எஃப். பணம் யாருக்கு என்று ஆறு மாதம் அலைந்தார்கள். உடையார்குடிக் கல்வெட்டை முதலில் படித்தபோது எனக்கு அந்த ஆறு மாதம்தான் ஞாபகம் வந்தது. பாட்டி கடைசிவரை “சாமிகிட்டப் போயிட்டான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அது திருவாலங்காடு.

அம்மா எந்தப் பக்கமும் பேசியதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்தாம் பாகத்தை எடுத்துப் படிப்பாள். கதை முழுக்கத் தெரிந்தவள் ஏன் திரும்பத் திரும்ப அதையே எடுக்கிறாள் என்று சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். அங்கே விளக்கு அணைந்திருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

காட்சி வேலை செய்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்குச் செய்தது என்பேன். பொய் சொல்ல மாட்டேன். எதற்கும் பதில் வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான், படம் பதில் கொடுத்தது, நன்றாக அழுதேன். ஆனால் அந்தப் பதிலில் அவன் சாக விரும்பினான் என்று இருக்கிறது. முப்பது வருடமாக அம்மா கேட்க விரும்பாத வாக்கியம் அது. அதைப் பெரிய திரையில், பின்னணி இசையோடு, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியது நான்தான்.

பைண்டு பிரதியின் முதுகு பிய்ந்துவிட்டது. போன மாதம் புதுப் பதிப்பு வாங்கித் தரட்டுமா என்றேன். “எழுத்து அதேதானே?” என்று கேட்டாள். அதேதான் என்றேன். சரி என்றாள்.