பனிக்குடமும் தலைவிதியும்

பேறுகாலத்தில் பெண் மாண்டால் ‘தலைவிதி’ என்றனர். மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்தால் ‘கண்ணேறு’ என்றனர். வரலாறு கூறுவதென்ன?

1844-இல் சென்னையில் அரசு மகப்பேறு மருத்துவமனை எழுந்தது. இன்றைய எழும்பூர் மருத்துவமனை அதன் வழிவந்ததே. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைசு, பேறுகாலக் காய்ச்சலை மருத்துவரின் கைகளே சுமந்து செல்வதைக் கண்டார்; குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். சாவு சரிந்தது, பெரிய மருத்துவர் பலரோ அவரைப் புறக்கணித்தனர்! 1936-இல் இலண்டனில் கோல்புரூக், சல்பா மருந்தால் அக்காய்ச்சலைப் பணியவைத்தார்.

பனிக்குடம் முன்கூட்டி உடைந்தால் கிருமி உட்புகும். தாய்க்கும் சேய்க்கும் கேடு. எந்த மருந்து காக்கும்? 4,826 தாய்மாரைக் கொண்டு நடந்த ‘ஆரக்கிள்’ ஆய்வு 2001-இல் விடை தந்தது: எரித்ரோமைசின் நலம் பயந்தது, கோ-அமாக்சிகிளாவ் பெற்ற தாய்மாரின் சேய்களிடம் குடல் அழுகல் நோய் மிகுந்தது. மருந்தையும் நம்பி ஏற்பதல்ல, ஆராய்ந்து ஏற்பதே அறிவு!

அண்ணனூர்த் தோழர்களே! பனிக்குடம் உடைந்தால் இராகு காலம் பார்ப்பதும் கேடு. கடையில் தாமே மாத்திரை வாங்குவதும் கேடு. உடனே மருத்துவமனைக்கு விரைவோம். நாம் பார்க்கவேண்டியது நல்ல நேரமன்று, நழுவும் நேரம்!