அடிக்குறிப்பில் இல்லாத பெயர்: மேமி கிளார்க்கும் உளவியல் ஆய்வுப் பட்டமும்

பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954 மே 17 அன்று அளித்த பிரவுன் தீர்ப்பில் பதினோராவதாக ஓர் அடிக்குறிப்பு வருகிறது. பிரிவினை கறுப்புக் குழந்தைகளிடம் தாழ்வுணர்வை உண்டாக்குகிறது என்பதற்கான சமூக அறிவியல் ஆதாரங்களை அது பட்டியலிடுகிறது. பட்டியலின் முதல் பெயர் கென்னத் கிளார்க். இந்த அடிக்குறிப்பைக் கொண்டாடியும் திட்டியும் ஏகப்பட்ட பக்கங்கள் எழுதப்பட்டாயிற்று. அதில் இல்லாத ஒரு பெயரைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். 'கென்னத்தின் மனைவி' என்று பலரும் கடந்துபோகிற மேமி ஃபிப்ஸ் கிளார்க். அந்த ஆராய்ச்சி வரிசை கிளம்பியதே அவருடைய எம்.ஏ. ஆய்வேட்டிலிருந்துதான்.

1917இல் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு கறுப்பு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர் மேமி. 1934இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்து பிறகு உளவியலுக்கு மாறினார். அன்றைக்கு உளவியல் என்பது என்ன? முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுச் சோதனைகளின் மதிப்பெண்களை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த இனம் மேல், எந்த இனம் கீழ் என்று அடுக்கிக் காட்டிய துறை அது. அளக்கிறவர் வெள்ளையர், அளக்கப்படுகிறவர் கறுப்பர். இந்த ஏற்பாடு 'விஞ்ஞானம்' என்ற பெயரில் இயல்பானதாகக் கட்டமைக்கப்பட்டிருந்தது.

ஹோவர்டில் இது தலைகீழானது. அங்கே உளவியல் துறைக்குத் தலைமை வகித்தவர் ஃபிரான்சிஸ் சம்னர், 1920இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பு அமெரிக்கர். 1938இல் இளங்கலை முடித்த கையோடு, குடியுரிமை வழக்குகள் உருவாகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோடைக்கால வேலை பார்த்தார் மேமி. பிரிவினையை நீதிமன்றத்தில் உடைக்க முடியும் என்பதை அவர் கண்டது அங்கேதான். அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள், பள்ளிப் பருவத்துக்கு முந்தைய நீக்ரோ குழந்தைகளிடம் தன்னுணர்வு வளர்வது பற்றியது. மூன்று முதல் ஐந்து வயதுவரையான வாஷிங்டன் குழந்தைகளிடம் கறுப்பு, வெள்ளைச் சிறுவர்களின் படங்களைக் காட்டி, 'இதில் நீ யார்?' என்று கேட்பது ஆய்வு முறை. 'இந்தக் குழந்தைக்கு எவ்வளவு புத்தி?' என்பது பழைய கேள்வி. 'இந்தக் குழந்தை தன்னை யாராகப் பார்க்கிறது?' என்பது புதிய கேள்வி. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பழைய கேள்வியில் குழந்தை வெறும் மதிப்பெண். புதிய கேள்வியில் அது ஒரு தன்னிலை.

அடுத்து முனைவர் பட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் தேர்ந்த நெறியாளர் ஹென்றி காரெட். புள்ளியியலில் பெரிய கை, இன உயர்வு தாழ்வில் அசையாத நம்பிக்கை. இது தெரிந்தேதான் மேமி அவரிடம் போனார். எழுதிய தலைப்போ, வயதுக்கேற்ப அடிப்படை மனத்திறன்கள் மாறுவது பற்றியது. நிறமும் இல்லை, பொம்மையும் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்து 1943இல் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் உளவியல் முனைவரான இரண்டாவது கறுப்பர் அவர். முதலாமவர் கணவர் கென்னத். தன் கேள்வியைக் கைவிட்டதாக இதை நான் வாசிக்கவில்லை. எதிராளியின் பட்டறையில் புகுந்து அவனுடைய கருவியைக் கையாளக் கற்றுக்கொண்ட காரியமாகவே படுகிறது.

கேள்வி பட்டத்துக்கு வெளியே தொடர்ந்தது. ஒரு நிதிநல்கையின் உதவியோடு கிளார்க் தம்பதி செய்த பொம்மைச் சோதனை 1947இல் வெளியானது. நிறம் தவிர எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும் பொம்மைகள். 253 கறுப்புக் குழந்தைகள். விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம். கறுப்புப் பொம்மையே 'மோசமாக' இருக்கிறது என்றவர்கள் 59 சதவீதம். 'உன்னைப்போல இருப்பது எது?' என்றபோது 33 சதவீதம் பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள்.

1952 பிப்ரவரியில் விர்ஜினியாவின் ரிச்மண்டில் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரப் பள்ளி வழக்கு. பிரிவினைக்கு ஆதரவாக அரசுத் தரப்பு கொண்டுவந்த உளவியல் நிபுணர் யார் தெரியுமா? அதே காரெட். அவரை மறுத்துச் சாட்சி சொல்லக் கூண்டேறியவர்களில் அவரிடம் பட்டம் பெற்ற மேமியும் ஒருவர். அந்த நீதிமன்றம் மாணவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது பிரவுன் வழக்கோடு இணைக்கப்பட்டு, பிறகு வென்றது. வென்ற தீர்ப்பின் அடிக்குறிப்பு காட்டுவது கென்னத் 1950இல் தயாரித்த அறிக்கையை. எம்.ஏ. ஆய்வேடு அதன் அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது.

இதை ஒரு வெற்றிக் கதையாடலாக முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள், பிரிவினைப் பள்ளிகள் இருந்த தெற்கில் 62 சதவீதம், கலப்புப் பள்ளிகள் இருந்த வடக்கில் 72 சதவீதம். அப்படியானால் காயம் பள்ளிச் சுவரால் மட்டும் வந்ததல்ல. தெருவும் கடையும் பாடப்புத்தகமும் சினிமாவும் சேர்ந்து உண்டாக்கியது அது. நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது சுவர் பற்றிய சாட்சியம் மட்டுமே. எனவே எண்களின் மிச்சம் மௌனமாக்கப்பட்டது. 'காயம்பட்ட கறுப்பு மனம்' என்ற பிம்பம் நிலைத்தது. வெள்ளைப் பொம்மையை அழகாக்கிய வெள்ளை மனம் அந்தச் சோதனை மேசைக்கு வரவே இல்லை.

மேமி மேசையோடு நின்றுவிடவில்லை. முனைவர் பட்டம் இருந்தும் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காத நியூயார்க்கில், 1946இல் ஹார்லெமில் கணவரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான நார்த்சைடு மையத்தைத் தொடங்கி 1979வரை நடத்தினார். 1983இல் மறைந்தார்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு ஆய்வுப் பட்டம் என்றாலே கைடு கொடுக்கும் தலைப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. தலைப்பு அவருடையது, உழைப்பு நம்முடையது. மேமியின் வரலாற்றைப் பட்டம் வாங்கியவரின் சாதனையாக மட்டும் வாசித்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. ஹோவர்டில் கேட்க முடிந்த கேள்வி கொலம்பியாவின் முனைவர் ஆய்வேட்டுக்குள் ஏன் வரவில்லை? ஒடுக்கப்பட்டவர் தன் அனுபவத்தை ஆராய்ந்தால் அது 'சார்பு', ஒடுக்குகிறவர் ஆராய்ந்தால் அது 'விஞ்ஞானம்' என்கிற கணக்கை யார் போட்டது? எந்த ஆய்வேட்டையும் கையில் எடுக்கும்போது, அது தரும் பதில்களுக்கு முன்னால், அதன் கேள்வியைத் தேர்ந்தது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.