அழியாத மின்முனையைத் தேடி: காரைக்குடி ஆய்வு மரபும் மதுரைச் சமவெளியும்

பேரையூர், தே. கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் மின்வேதியியல் என்ற சொல் அன்றாடப் பேச்சில் அடிபடுவதில்லை. அதன் விளைபொருள்களோ வீட்டுக்கு வீடு இருக்கின்றன. தீக்குச்சி முனையிலுள்ள பொட்டாசியம் குளோரேட், உப்புக் கரைசலை மின்பகுத்துப் பெறப்படுவது. துணி துவைக்கும் சோப்புக்கு வேண்டிய காஸ்டிக் சோடாவும் அப்படியே. சுவரோரம் நிற்கும் இன்வெர்ட்டர் பேட்டரியில் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருப்பதற்கும் ஒரு மின்வேதிக் காரணம் உண்டு. உலோகத்திலிருந்து கரைசலுக்கு மின்சாரம் கைமாறும் மேற்பரப்பில் எந்த வினை முந்துகிறது, எது பிந்துகிறது என்பதே இம்மூன்றையும் முடிவு செய்கிறது.

அந்த மேற்பரப்பை ஆராய்வதற்கென்றே இந்திய அரசு அமைத்த ஆய்வகம் மதுரைக்குக் கிழக்கே, மேலூர், திருப்பத்தூர் வழியாகச் செல்லும் சாலையில், காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரியிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த வரலாற்றின் முதுகெலும்பு வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நீரிலிருந்து ஆக்சிஜன் வெளியேறுவதைத் தடுக்கும் மேற்பரப்புகளைத் தேடிய நீண்ட உழைப்பே அது. இன்றைய ஹைட்ரஜன் ஆய்வு அதே அறிவைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்துகிறது.

ஆய்வகம் எழுந்த சூழல்

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் தேசிய ஆய்வகங்களை நிறுவிக்கொண்டிருந்தது. மின்வேதியியலுக்கான ஆய்வகம் பெருநகரம் ஒன்றுக்குப் போகாமல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட பகுதிக்கு வந்ததற்கு வள்ளல் அழகப்ப செட்டியாரே காரணம். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத்தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இந்த இடத்தேர்வை வெறும் கொடையின் விளைவாக மட்டும் பார்ப்பது போதாது. தெற்கே தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை முழுதும் உப்பளம். மேற்கே சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் 1920களிலிருந்து வளர்ந்துவந்த தீப்பெட்டித் தொழில். மண்டபத்தில் கடற்காற்று இரும்பைத் தின்னும் வேகம் பாம்பன் பாலத்தைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும். அரிமானமும் ஒரு மின்முனை வினைதான். ஆய்வகம் பின்னாளில் மண்டபத்தில் ஓர் அரிமான ஆய்வு நிலையத்தையும் நடத்தியது. மின்வேதியியலின் கச்சாப் பொருளும், சந்தையும், சிக்கலும் ஒரே வட்டாரத்தில் கூடியிருந்தன.

மேற்பரப்பை அளக்கக் கற்ற காலம்

ஒரு மின்முனை வினை எத்தனை வேகமானது என்று 1950களில் அறிவது எளிதாக இல்லை. கரைசலில் அயனிகள் மேற்பரப்புக்கு வந்துசேரும் தாமதமும் வினையின் தாமதமும் கலந்தே அளவியில் தெரியும். பின்னாளில் காரைக்குடி ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கிய கே. எஸ். ஜி. டாஸ், எச். பி. அகர்வாலுடன் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் ஒரு நுண்ணிய விளைவை விவரித்தார். சமநிலையில் இருக்கும் மின்முனை வழியே மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதன் அழுத்தம் ஒரு பக்கமாகச் சற்றே நகர்ந்து நிற்கும். முன்வினையும் பின்வினையும் அழுத்த மாற்றத்துக்கு ஒரே அளவில் இசைந்து கொடுக்காததே இதற்குக் காரணம். அந்தச் சிறு நகர்விலிருந்து வினைவேகத்தைக் கணக்கிடலாம். டாஸும் அகர்வாலும் இதற்கு இட்ட பெயர் ரெடாக்சோகைனெடிக் விளைவு. உலக இலக்கியத்தில் ஃபாரடே திருத்தம் என்ற பெயரில் அது நிலைத்தது. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டில், நுணுக்கமான சிந்தனையால் பிறந்த அளவீட்டு முறை என்பதால் அதற்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கையைச் சேர்ந்த எம். ஏ. வி. தேவநாதன் இன்னும் அடிப்படையான கேள்வியை எடுத்துக்கொண்டார். உலோகத்தை ஒட்டியுள்ள முதல் அடுக்கில் என்ன இருக்கிறது? 1963இல் ஜான் பாக்ரிஸ், முல்லர் ஆகியோருடன் அவர் முன்வைத்த மாதிரி, அந்த அடுக்கில் பெரும்பாலும் இருப்பவை நீர் மூலக்கூறுகளே என்றும், உலோகத்தின் மின்னேற்றத்துக்கேற்ப அவை திசை திரும்பி நிற்கின்றன என்றும் விளக்கியது. மூவரின் பெயரையும் தாங்கிய அந்த மாதிரி இன்றும் மின்வேதியியல் மாணவரின் பாடம். அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்டாகுர்ஸ்கியுடன் அவர் வடிவமைத்த இரட்டைக் கலம், எஃகுக்குள் ஹைட்ரஜன் ஊடுருவும் அளவைக் காண உலகெங்கும் பயன்படுகிறது. எண்ணெய்க் குழாய்களைச் சோதிப்பவர்கள் இன்றும் தேவநாதன் பெயரைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

1950களின் இறுதியில் காரைக்குடியில் பணியாற்றிய அமுல்ய ரெட்டி, அதே பாக்ரிஸுடன் இணைந்து எழுதிய 'நவீன மின்வேதியியல்' 1970இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவர் பின்னர் பெங்களூருவில் ஊரக எரிசக்தி ஆய்வுக்குத் திரும்பியதை விலகலாகப் பார்ப்போர் உண்டு. எனக்கு அது தொடர்ச்சியாகவே தெரிகிறது.

கிராஃபைட்டின் தேய்மானம்

அளவீடு ஒரு பக்கம் வளர, ஆய்வகத்தின் மைய உழைப்பு நேர்முனைகளில் நடந்தது. உப்புக் கரைசலை மின்பகுக்கும்போது நேர்முனையில் இரண்டு வினைகள் போட்டியிடுகின்றன. நீரிலிருந்து ஆக்சிஜன் வெளிவர, கோட்பாட்டுப்படி 1.23 வோல்ட் போதும். குளோரினுக்கு 1.36 வோல்ட் வேண்டும். ஆகவே ஆக்சிஜன்தான் முந்த வேண்டும். நடைமுறையில் குளோரின் முந்துகிறது. நான்கு எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜன் உருவாவது கடினமான வினை. தேவைக்கு மேல் கூடுதல் அழுத்தம் கொடுத்தால்தான் அது நகரும். அந்தக் கூடுதலுக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். அது எவ்வளவு என்பதை மேற்பரப்பு தீர்மானிக்கிறது. காஸ்டிக் சோடா, குளோரேட் தொழில்கள் முழுவதும் இந்த ஒரு மந்தத்தன்மையை நம்பியே நிற்கின்றன.

நெடுங்காலம் நேர்முனையாக இருந்தது கிராஃபைட். மலிவானது, மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது. ஆனால் எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் பிறக்கவே செய்யும். அது பிறந்த இடத்திலேயே கரியைத் தாக்கிக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். கட்டியின் முனை மழுங்கும், அடியில் கருஞ்சேறு படியும், எதிர்முனைக்கும் இதற்கும் இடையிலான தூரம் கூடும். தூரம் கூடினால் வோல்ட் கூடும்.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்குக் குறைந்தது 6.7 லட்சம் ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. கலத்தின் அழுத்தம் 0.1 வோல்ட் ஏறினாலே டன்னுக்கு 67 யூனிட் வீண். பொட்டாசியம் குளோரேட்டின் ஒரு மூலக்கூறுக்கு ஆறு எலக்ட்ரான்கள் வேண்டும் என்பதால் அதே 0.1 வோல்ட் டன்னுக்கு ஏறத்தாழ 130 யூனிட்டை விழுங்கும். மின்வெட்டு வழக்கமாயிருந்த காலத்துத் தமிழ்நாட்டில் இது சிறிய தொகை அல்ல.

காரைக்குடியில் எச். வி. கே. உடுப்பாவும் கே. சி. நரசிம்மமும் கண்ட வழி, கிராஃபைட்டின் மேல் ஈய டை ஆக்சைடைப் போர்த்துவது. லெட் நைட்ரேட், காப்பர் நைட்ரேட் கலந்த கரைசலில் கிராஃபைட் தண்டை நேர்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன்மேல் கரும்பழுப்பு நிறப் படலம் ஏறும். காப்பர் எதற்கென்றால், எதிர்முனையில் ஈயம் படிந்து வீணாகாமல் தடுக்க. படலம் ஏறும்போதே தண்டைச் சுழலவிட்டார்கள். குமிழிகள் ஒட்டி நின்றால் அந்த இடத்தில் ஊசித் துளை விழும். துளை வழியே கரைசல் புகுந்தால் உள்ளிருக்கும் கரி அரிக்கப்பட்டுப் படலம் உரிந்து விழும். சுழற்சி அக்குமிழிகளை உதறிவிட்டது. 1976இல் அமெரிக்க மின்வேதியியல் கழகத்தின் இதழில் வெளியான அவர்களின் கட்டுரை, இந்த முனையின் செய்முறையையும் பயன்களையும் தொகுத்துரைத்தது.

ஈய டை ஆக்சைடில் ஆக்சிஜனின் மிகை மின்னழுத்தம் அதிகம். அதனால் குளோரேட்டைப் பெர்குளோரேட்டாக உயர்த்தும் வினையை அது தாங்கும். அதுவரை அந்த வேலைக்குப் பிளாட்டினம்தான் நம்பகமான முனை. 1992இல் கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிமருந்து தடைசெய்யப்பட்டபின், வண்ண மத்தாப்புகளில் பெர்குளோரேட்டின் தேவை புரிந்தது. பேரையூருக்குத் தெற்கே பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர்களுக்குக் குளோரேட்டுக்கும் பெர்குளோரேட்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர் சார்ந்தது.

இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர்த் தகட்டில் இருப்பதும் இதே கரும்பழுப்பு ஈய டை ஆக்சைடுதான். ஒரு கலத்தின் அழுத்தம் சுமார் 2 வோல்ட். நீர் பிரிய 1.23 வோல்ட் போதும் என்றால், ஈய அமில பேட்டரி செய்த மறுநிமிடமே தன் நீரைப் பிரித்துத் தீர்ந்துபோயிருக்க வேண்டும். நேர்த் தகட்டில் ஆக்சிஜனும் எதிர்த் தகட்டில் ஹைட்ரஜனும் மெதுவாகவே கிளம்புவதால்தான், பிளான்டே 1859இல் உருவாக்கிய அந்தக் கலம் இன்றும் உழைக்கிறது. மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் தடை கொஞ்சம் மீறப்படும்; நீர் குறையும்; நாம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம்.

1960களின் நடுவில் ஹென்றி பேர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய நேர்முனைக்குக் காப்புரிமை பெற்றார். தேயாத, இடைவெளி மாறாத முனை அது. காரைக்குடியும் டைட்டானியத் தளக் கரையா நேர்முனை என்ற பெயரில் உள்நாட்டு வடிவத்தை உருவாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசேர்த்தது. கிராஃபைட்டின் காலம் அத்துடன் முடிந்தது.

சேமிப்பை நோக்கி

லித்தியம் அயனி பேட்டரியை சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ஆயுளும் ஒரு மேற்பரப்பில்தான் இருக்கிறது. முதல் மின்னேற்றத்தின்போது கிராஃபைட் முனையில் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிட்டு, மேற்கொண்டு சிதைவைத் தடுக்கிறது. காரைக்குடி ஆய்வகத்தில் கோபுகுமார் தலைமையில் உருவான லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தை 2018 ஜூன் மாதம் ராசி சோலார் நிறுவனத்துக்கு மாற்றித் தர ஒப்பந்தமாயிற்று. அதே ஆய்வகத்தில் லித்தியம் மின்முனைப் பொருள்களை ஆராய்ந்துவந்த ந. கலைச்செல்வி 2019இல் அதன் முதல் பெண் இயக்குநரானார்; 2022இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கே முதல் பெண் தலைமை இயக்குநரானார். தமிழ்வழியில் பள்ளிக் கல்வி கற்றவர் அவர் என்பதை மதுரை வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் புலத்தில் ராமசாமி ராமராஜ் வேறொரு வழியில் இந்த மரபை வளர்த்தார். மின்முனையின் மேல் மெல்லிய பலபடிப் படலத்தைப் பூசி, அதற்குள் வினையூக்கி மூலக்கூறுகளைப் பொதித்துவைக்கும் முறை அது. 1980களில் ஜப்பானில் மசாவோ கனேகோவுடன் அவர் ஆராய்ந்தவற்றுள் நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும் உலோகச் சேர்மங்களும் உண்டு. வரலாற்றின் திருப்பம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. அதுவரை பகையாக இருந்த ஆக்சிஜன் வினை இப்போது விரும்பி அழைக்கப்படுகிறது.

ஏனென்றால், நீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டுமானால் மறுமுனையில் ஆக்சிஜன் வெளியேறியே ஆக வேண்டும். எதிர்முனையில் ஹைட்ரஜன் சுலபமாகக் கிளம்பும். மின்சாரத்தை விழுங்குவது நேர்முனையின் அந்த மந்தமான நான்கு எலக்ட்ரான் வினையே. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 26,600 ஆம்பியர்-மணி வேண்டும். மிகை மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைந்தால் கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏற்ற பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அந்த அளவில் 0.1 வோல்ட் என்பது 1,330 கோடி யூனிட். காரைக்குடியில் சுப்ரதா குண்டுவின் குழு இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் சல்ஃபைடு, செலினைடு, பாஸ்ஃபைடு வினையூக்கிகளைப் பற்றி 2016இல் எழுதிய மீளாய்வு இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. இரிடியம், ருத்தேனியம் போன்ற அரிய உலோகங்கள் இல்லாமல் அந்தத் தடையைக் குறைக்க முடியுமா என்பதே அக்குழுவினரின் கேள்வி.

தேவை நம் வாசலிலேயே இருக்கிறது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. பகலில் மிகும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பதும் மின்முனையின் வேலைதான்.

புதிய வினையூக்கிகளை அளக்கும் ஆய்வாளர்களில் பலர் முதல் சில மணி நேரச் செயல்திறனையே பெரிதாக எழுதுகிறார்கள். தொழிற்கூடக் கலம் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். படலம் எப்படி உரிகிறது, துளை எங்கே விழுகிறது, தளம் எப்போது அரிக்கப்படுகிறது என்ற பாடங்களை உடுப்பாவும் நரசிம்மமும் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்று எழுதிவைத்திருக்கிறார்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் அந்தக் கட்டுரைகளை முதுகலைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். மின்முனை ஆய்வில் இறங்கும் மாணவர், வினையூக்கியின் வேகத்தைப் பதிவு செய்யும் அதே பக்கத்தில் அதன் ஆயுளையும் பதிவு செய்ய வேண்டும்.