சோனிக் ஹெட்ஜ்ஹாக்: வளர்ந்த மூளையில் ஒரு கருக்காலப் புரதம்

சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பது கருவில் எந்தச் செல் என்னவாக மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சமிக்ஞைப் புரதங்களுள் ஒன்று. விண்ட், பி.எம்.பி. ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. பிறந்த பிறகும் இவை ஓய்வதில்லை. பாலூட்டிகளின் வளர்ந்த மூளையில் ஸ்டெம் செல்கள் எப்போது பெருக வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ஹெட்ஜ்ஹாக் மரபணு முதலில் பழ ஈயில் தெரியவந்தது. 1980இல் அதை வெளியிட்ட கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதுகெலும்பிகளில் இதன் இணையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் 1993இல் கண்டறியப்பட்டது. முன்மூளை இரண்டாகப் பிரிவதற்கு இப்புரதம் வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோவில் வெராட்ரம் என்ற காட்டுச்செடியைத் தின்ற சினை ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. அச்செடியிலுள்ள சைக்ளோபமீன் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுப்பதே காரணம் என்பது பின்னர் விளங்கியது.

அந்த நச்சே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுக் கருவியானது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸில், டென்டேட் கைரஸ் என்னும் பகுதியில், வளர்ந்த எலிக்கும் புதிய நரம்புச் செல்கள் உருவாகின்றன. கடும் மனச்சோர்வுக்கான மின்னதிர்ச்சி சிகிச்சையை ஒத்த தூண்டலைக் கொடுத்தால் அங்கே நரம்புச் செல்களாக மாறவல்ல முன்னோடிச் செல்கள் கூடுதலாகப் பெருகும். விதிதா வைத்யா, சுபா டோலே உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சைக்ளோபமீன் செலுத்தப்பட்ட எலிகளில் இந்தக் கூடுதல் பெருக்கம் முற்றிலும் நின்றுபோனது. தூண்டலுக்குப் பின் ஹெட்ஜ்ஹாக் ஏற்பியின் பகுதியான பேட்ச்டு மரபணுவின் செயல்பாடு டென்டேட் கைரஸில் விரைவாக உயர்ந்ததையும் அவர்கள் பதிவு செய்தனர்.

அதே பகுதியில், நரம்புச் செல்களுக்குத் துணைபுரியும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் வெளியிடும் விண்ட், புதிய நரம்புச் செல்கள் உருவாவதை ஊக்குவிக்கிறது, பி.எம்.பி. ஸ்டெம் செல்களை உறக்க நிலையில் வைக்கிறது.

ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை கட்டுமீறினால் புற்றுநோய் வரக்கூடும். குழந்தைகளின் சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டிகளில் ஒரு வகை இதனால் உண்டாகிறது. இச்சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து, பேசல் செல் தோல் புற்றுநோய்க்காக 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புதிய நரம்புச் செல்கள் குறித்து எலிகளில் உறுதியான முடிவுகள் மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2018இல் வந்த இரு ஆய்வுகளில் ஒன்று, வயதுவந்தோரின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் காணப்படவில்லை என்றது. மற்றொன்று, முதுமையிலும் அவை உருவாகின்றன என்றது.