பந்திக்கு யார் காவல்?

சென்ற இதழில், புலையர் தலைவர் வெங்ஙானூர் அய்யங்காளி 1893-இல் வில்வண்டியேறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் போனதைப் பார்த்தோம். அன்றைய திருவனந்தபுரத்தில் தெருவைவிடக் கடுமையாகக் காக்கப்பட்டது சாப்பாட்டுப் பந்தி. தீண்டாப்பாடு விதி தாழ்த்தப்பட்டவரை எட்ட நிறுத்தியது. பந்தி விதியோ மேல்சாதிக்காரரையும் கட்டிப்போட்டது. தாழ்த்தப்பட்டவரோடு இலைபோட்டு உட்கார்ந்தால் மேல்சாதிக்காரருக்கே சாதிவிலக்கு. கலந்து பழகக்கூடாது என்னும் தடை எங்குமே சொந்தக் கூட்டத்தைக் கண்டுதான் அதிகம் அஞ்சுகிறது. முதல் உலகப்போரில், 1914 கிறிஸ்துமஸ் நாளில் பதுங்குகுழியைவிட்டு எழுந்து ஜெர்மானியரோடு கைகுலுக்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கண்டித்தவர்கள் அவர்களுடைய தளபதிகளே.

திருவிதாங்கூரில் இந்தத் தடையை அரசே பணம் செலவழித்துக் காத்தது. ஊட்டுப்புரைகள் எனும் உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கொரு முறை 56 நாள் முறைஜபம் எனும் வேத ஓதல், நம்பூதிரிகளுக்கு விருந்து. அந்த ஊரில்தான், பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பிரண்டாக இருந்த தமிழர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் தைப்பூசத்தன்று பொதுப்பந்தி வைத்தார். பிராமணர் இலைக்குப் பக்கத்து இலையில் அய்யங்காளி அமர்ந்து உண்டார் என்பது சீடர் மரபு. அதற்கு வெகுமுன்பே தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சாதி பாராமல் மக்களைச் சேர்ந்துண்ண வைத்தார். சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது.

சீடர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1917-இல் கொச்சி ராஜ்யத்துச் செறாயில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தியதில் ஐயமில்லை. அவரை ஒதுக்கிவைத்தவர்கள் அவர் பிறந்த ஈழவ சமுதாயத்தாரே. 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

ஒருவேளைச் சோறு நிலம் தருமா, பள்ளிக்கூடம் திறக்குமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. தரவில்லைதான். பிள்ளைகளின் படிப்புக்காக அய்யங்காளி வயல்வேலையை நிறுத்தச் செய்தே போராட வேண்டியிருந்தது. ஆனால் 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் கோயில்களைத் திறந்துவிட்டதுபோல, வீட்டுப் பந்தியை எந்தப் பிரகடனமும் திறந்துவிட முடியாது. உட்காருகிறவரே மனமுவந்து வர வேண்டும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு போட்டதை, வைக்கம் போராட்டத்துக்காகத் திருவனந்தபுரம் சிறையில் இருந்து வந்த பெரியாரால் சின்ன விஷயமென்று விட்டுவிட முடியவில்லை. அந்த இரண்டு இலைகள் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கின.